அம்பாசடருக்குப் பாயிண்டா, எலக்ட்ரானிக் இக்னிஷனா?

1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய அம்பாசடரில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) மூடியைக் கழற்றினால் பாயிண்ட் தெரியும். இக்னிஷன் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சிறிய சுவிட்ச் அது. அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். சுழலும் கேமில் உரசும் அதன் குதி தேயத் தேய இடைவெளி குறைகிறது, டைமிங்கும் (பொறி விழும் நேரம்) பின்தங்குகிறது. காலையில் வண்டி முரண்டு பிடித்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆனால் பாயிண்ட் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும். ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உப்புத்தாளும் இருந்தால் சாலையோரத்திலேயே சரிசெய்துவிடலாம். (பாயிண்டில் பொறி பறந்து கருகாமல் காக்கும் கண்டென்சர் அப்படியல்ல, அது திடீரென்று காலை வாரிவிடும்.)

பாயிண்டுக்குப் பதிலாகப் பொருத்தும் எலக்ட்ரானிக் மாட்யூலில் காந்த வளையமும் சென்சாரும்தான். உரசித் தேய ஒன்றுமில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் பாயிண்டின் இடைவெளி நிலைக்காது. மாட்யூல் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஐட்லிங்கும் சீராக இருக்கும். ஆனால் இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்தால் நொடியில் கருகிவிடும். வழியில் செத்தால் உப்புத்தாளால் உயிர்ப்பிக்க முடியாது.

தினமும் ஓட்டுபவர் மாட்யூலுக்கு மாறுவதே நல்லது. கழற்றிய பாயிண்ட் தட்டை மட்டும் எறிந்துவிடாமல் கண்டென்சரோடு டிக்கியில் போட்டு வையுங்கள்.