கிராமத்து வீட்டில் ஒரு நாள்: கடலோரமா, பழைய கோட்டையா?

விடுமுறைக்கு எடுத்த வீட்டிலிருந்து ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல்களைத் தாண்டி குன்றின் மேல் ஒரு பழைய கோட்டை. கையில் ஒரே நாள்தான் என்றால் எந்தப் பக்கம் போவது?

கடல் பக்கம் போனால் நேரத்தை நாம் முடிவு செய்வதில்லை, ஓதம்தான், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதுதான், முடிவு செய்யும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். நேற்று காலை 9 மணிக்கு வழிவிட்ட பாறைமுனை இன்று 9.50 வாக்கில்தான் வழிவிடும். தண்ணீர் ஒரே சீராகவும் ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தில் நடு இரண்டு மணி நேரத்திலேயே ஏறக்குறைய பாதி உயரம் ஏறிவிடும். ‘இப்பத்தானே கணுக்கால் அளவு இருந்தது’ என்று திரும்பிப் பார்ப்பதற்குள் வந்த வழி முழுகியிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் இன்னும் உள்வாங்கும். பாறைக்குழிகளில் நண்டும், பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற உயிரினமும் பார்க்க அதைவிட நல்ல சமயம் இல்லை.

கோட்டைப் பக்கம் இந்தப் பதற்றம் கிடையாது. ஆனால் தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த நடைக் கணக்குப்படி 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். (குழந்தைகளோடு போனால் அந்தக் கணக்கை மறந்துவிடலாம்.) கோட்டையின் தேய்ந்த கல்வெட்டு உச்சி வெயிலில் வெறும் கல், சாய்வெயில் பட்டால் எழுத்து எழுந்து நிற்கும்.

என் ஓட்டு கடலுக்கே. காற்று பலமாக அடித்தாலோ, வற்றும் நேரம் இருட்டில் விழுந்தாலோ மட்டும் கோட்டை.