பாத்திரம் துலக்கும் இயந்திரம்: எட்டு மாத அனுபவம்

நான் வங்கி வேலை முடிந்து வீடு திரும்பும் இரவு 7 மணிக்குத்தான், அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் என் கணவர் மடிக்கணினியைத் திறப்பார். சாப்பாட்டுக்குப் பின் தொட்டியில் குவியும் பாத்திரங்கள்தாம் எங்கள் பத்தாண்டு மணவாழ்வில் அதிகச் சண்டைக்குக் காரணமானவை. அந்தச் சண்டையை முடிப்பதற்காகவே இந்த இயந்திரத்தை வாங்கினோம்.

எண்ணெய்ப் பிசுக்கும், இட்லித் தட்டின் துளைகளில் காய்ந்த மாவும் 70 டிகிரி வெந்நீரில் அடியோடு போய்விடுகின்றன. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை மட்டும் முன்னரே ஊறவைத்துத் தேய்க்க வேண்டியிருக்கிறது. இரும்புத் தோசைக்கல்லையும் அலுமினிய வாணலியையும் கையால்தான் கழுவ வேண்டும். ஒரு வாணலி கறுத்துப்போன பிறகே இதைக் கற்றோம். எங்களுடையது ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதால், இயந்திரத்துக்கென்று விற்கும் உப்பைப் போடத் தவறினால் எவர்சில்வர் டம்ளர்களில் வெள்ளைத் திட்டுகள் படிகின்றன. ஒரு முறை ஓடி முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிறது.

நேரம் மிச்சமாகும் என்றுதான் வாங்கினேன். எச்சிலை வழித்து, அடுக்கி, எடுத்துவைக்கும் நேரத்தைக் கழித்தால் மிச்சம் அதிகமில்லை. மாறியது வேலையைச் செய்யும் கை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். இது வேலையில் ஈடுபடுகிறவர்களின் சராசரி மட்டுமே. அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண்கள் இதில் சேரவில்லை. என் கணவர் அந்தச் சேராத கூட்டத்தைச் சேர்ந்தவராக இருந்தார். தேய்க்கும் நாரைத் தொடாத அவர், இப்போது தட்டுகளைச் சாய்த்து, கிண்ணங்களைக் கவிழ்த்து, நான் வைத்ததையும் எடுத்து மாற்றி அடுக்குகிறார். தொடக்கத்தில் எரிச்சலாக இருந்தது; அதைத் தம் வேலையாக அவர் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று புரிந்ததும் வாய்மூடிக்கொண்டேன். நள்ளிரவில், இரண்டு அழைப்புகளுக்கு இடையே அவர் கரண்டிகளை எடுத்துவைக்கும் ஓசை அரைத்தூக்கத்தில் கேட்கிறது. அந்த ஓசை எனக்குப் பிடித்திருக்கிறது.

உப்பும் சோப்பு மாத்திரையும் தீர்ந்ததா என்று பார்ப்பது மட்டும் இன்னும் என் தலையில்தான். போன வாரம் அவரே நினைவு வைத்து வாங்கி வந்தார்: ஒரு கிலோ சமையல் உப்பு.