பழைய புல்லட்டுக்குக் காலை ஸ்டார்ட்டிங்: பாயிண்டா, எலக்ட்ரானிக் இக்னிஷனா?

புதுப்பித்த காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு இன்ஜின்) புல்லட் 350 காலையில் கிக்கருக்கு மசியவில்லையா? நாலு உதை உதைத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, கார்புரேட்டரைக் கவனியுங்கள். நனைந்திருந்தும் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்பார்க்தான். அப்போதுதான் இந்தக் கேள்வியே வரும்.

பாயிண்ட், அதாவது திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் சிறு தொடுமுனை ஜோடி, செலவு குறைந்த வழி. வண்டி நின்றே கிடந்தால் அதன் முகத்தில் கருப்பு படியும். நைஸ் எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, பெட்ரோல் துணியால் துடைத்து, முழுதாகத் திறந்த நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். பாயிண்ட் முகம் கருகாமல் காக்கும் கண்டன்சரையும் மாற்றிவிடுங்கள், விலை அற்பம். அம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) முள்ளைப் பார்த்து, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து பிஸ்டனை நகர்த்தி உதைக்கும் சடங்கும் பாயிண்டோடுதான் சரியாக ஒத்துப்போகும்.

பாயிண்டுக்குப் பதிலாகப் பொருத்தும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டில் தேய பாயிண்டே இல்லை, டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரம்) சுலபத்தில் நகராது. ஆனால் பேட்டரியை நம்பும் கிட் என்றால், வோல்டேஜ் இறங்கிய காலையில் அசையாது. நடுவழியில் போனால் வண்டியைத் தள்ள வேண்டியதுதான்.

தினமும் ஓட்டுபவர் கிட் போடலாம். ஞாயிறு மட்டும் எடுப்பவருக்குப் பாயிண்டே மேல். கிட் போட்டாலும் கழற்றிய பாயிண்ட் பிளேட்டைத் தூக்கிப் போடாதீர்கள், டூல்பாக்ஸில் கிடக்கட்டும்.