ஸ்கூபாவுக்கு முதல் பிசிடியைப் பழசாக வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. முந்தாநாள் உயிரும் போயிருக்கும். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஸ்கூபா பயிற்சி முடித்ததும் சொந்தமாக ஒரு பிசிடி, அதாவது காற்றை ஏற்றி இறக்கித் தண்ணீருக்குள் மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட், வாங்க நினைத்தேன். வாடகை ஜாக்கெட் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். காற்றை வெளியே விடும் கயிறு எங்கே என்று தண்ணீருக்குள் தடவித் தேடவேண்டும். புதிது வாங்க வசதியில்லை. பயன்படுத்திய விளையாட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு செயலியில் தேடினேன்.

அதில் ஒருவர் விற்பதாகப் போட்டிருந்தார். அந்த ஆள் விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. என் உயரம், எடை, எந்த வெட்சூட் (குளிர் தாங்கும் டைவிங் உடை) போடுகிறேன் என்று கேட்டார். "தம்பி, முதல் பிசிடி, அவசரப்படாதீங்க. இறக்கை மாதிரி பின்னால் உப்புவது இப்போ வேண்டாம். மேலே மிதக்கும்போது முகம் குப்புறத் தள்ளும், பழகணும். ஜாக்கெட் மாதிரியே எடுங்க" என்றார். சொந்த அண்ணன் மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினார். ஜாக்கெட்டை முழுக்க ஊதி மேலே கனமான பையை வைத்திருந்தார். அரை மணி கழித்தும் விம்மியபடியே நின்றது. "நாலே நாலு டைவ், போன மாசம் சர்வீஸ்." அன்றைக்கே இரண்டு மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

பொருள் கைக்கு வந்து 12ஆம் நாள்தான் கடலில் இறங்க முடிந்தது. 8 மீட்டரில் கொஞ்சம் காற்று வேண்டும் என்று ஜாக்கெட்டுக்குக் காற்று ஏற்றும் இன்ஃபிளேட்டரை ஒரு தட்டுத் தட்டினேன். பட்டன் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. உஸ்ஸென்று காற்று ஏறிக்கொண்டே இருந்தது, ஜாக்கெட் விலாவை நெரித்தது, நான் மேலே போய்க்கொண்டிருந்தேன். காற்றை வெளியே விட வலது தோள் கயிற்றை இழுத்தேன். அறுந்து கையோடு வந்துவிட்டது. இன்ஸ்ட்ரக்டர் என் காலைப் பிடித்து இழுத்து, சிலிண்டரிலிருந்து இன்ஃபிளேட்டருக்கு வரும் காற்று ஹோஸைப் பிடுங்கி, காற்று வெளியேறக் கீழ் வால்வைத் திறந்துவிட்டார். 3 மீட்டரில் நின்றோம். அந்தப் பதற்றத்தில் மூச்சை அடக்கியிருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கும். 10 மீட்டரில் இழுத்த காற்று மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும்.

கரையில் ஜாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்தோம். தண்ணீரோடு உப்புக் கற்கள் உதிர்ந்தன. இன்ஃபிளேட்டருக்குள் பச்சைக் களிம்பு. காற்றுப்பையின் ஓரம் பிரிந்திருக்கிறது, சரிசெய்து பயனில்லை என்று பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். அப்புறம்தான் அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். அதில் தோளில் இருந்த குமிழ் சிவப்பு. எனக்கு வந்ததில் கறுப்பு!

அண்ணனைக் கூப்பிட்டேன். "உங்களுக்கு அழுத்தத் தெரியலை, புது ஆளுங்களுக்கு இப்படித்தான் ஆகும்" என்றார். மறுநாள் "பயணத்தில் இருக்கேன்". அதற்கப்புறம் பிளாக். செயலிக்காரர்கள் மூன்று முறை "உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டோம்" என்றார்கள், நாலாவது முறை "7 நாட்களுக்குள் சொல்லியிருக்க வேண்டும்" என்று புகாரை மூடிவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம். ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. இதையாவது செய்யுங்கள். கையில் வந்த அன்றே வால்வு தானாகக் காற்றைத் துப்பும்வரை ஊதி, ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். சிலிண்டரை மாட்டி இன்ஃபிளேட்டரை இருபது தடவையாவது அழுத்துங்கள். எல்லாக் கயிற்றையும் பலமாக இழுங்கள். குலுக்கினால் உள்ளே ஏதாவது உருள்கிறதா என்று கேளுங்கள். பதிவு செய்த வீடியோவை நம்பாதீர்கள், நேரலையில் காட்டச் சொல்லுங்கள். யாரிடம் வாங்கினாலும் சரி, ஹோஸைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றப் பழகிவிட்டு இறங்குங்கள்.

இன்று காலை பார்த்தேன், அந்தச் சிவப்புக் குமிழ் வீடியோ வேறொரு பெயரில் புது விளம்பரமாக ஓடுகிறது. புகார் செய்திருக்கிறேன். "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் வந்திருக்கிறது.