அப்பப்பாவின் றேசரும் எங்கள் கிணற்றுத் தண்ணியும்

போன கிழமை மருமகன் தொலைபேசி எடுத்தான். "மாமா, உங்களிட்ட இருக்கிற மாதிரிப் பழைய றேசர் ஒண்டு விலைக்குக் கிடக்கு, வாங்கட்டே?" என்னுடையது பட்டறைக்குப் போய், கைபிடியில் வெடிப்போடு திரும்பி வந்த நாள் அது. "வாங்காதையடா" என்று மட்டும் சொல்லிவிட்டேன். காரணத்தை ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது ஜில்லெட் டெக். 1938 இல் வந்த மாதிரி. மூடி, தட்டு, கைபிடி என்று மூன்றே துண்டு, பித்தளையில் நிக்கல் பூச்சு. அப்பப்பா காணி கிடைத்து உருத்திரபுரம் வந்தபோது கொண்டுவந்தது. அவருக்குப் பிறகு அப்பா, 2011 இல் இருந்து நான். இன்றைக்குக் கிளிநொச்சிக் கடையில் வாங்கும் பிளேட் அப்பப்பாவின் றேசரில் அப்படியே உட்காருகிறது. வளைந்த மூடி அந்த மெல்லிய பிளேட்டை வில் மாதிரி வளைத்துத் தட்டோடு இறுக்கிப் பிடிப்பதால் அது அதிராது. கையால் அழுத்தவே தேவையில்லை, றேசரின் பாரம் போதும். இத்தனை வருசத்தில் இதைவிடச் சுத்தமாக முகம் வழித்த எதையும் நான் பாவிக்கவில்லை.

பிரச்சினை தண்ணி. யாழ்ப்பாணத்தில் இருந்து முல்லைத்தீவு, மன்னார்க் கரைப்பக்கம் வரை நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணியைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணியில் சவுக்காரம் நுரைக்காது. தண்ணியில் உள்ள கல்சியம் முதலில் சவுக்காரத்தைப் பிடித்துத் தயிர் மாதிரித் திரைய வைக்கும், மிச்சம் இருந்தால்தான் நுரை. பிறஷைக் கை நோகச் சுழற்றினாலும் கன்னத்தில் ஒட்டுவது ஒரு சாம்பல் நிறப் பசைதான். அதற்கு மேல் றேசரை இழுத்தால் கழுத்து எரியும். கோடை முழுக்க இதே கதை. இதற்கு றேசரைக் குறை சொல்ல ஏலாது, தெரியும். ஆனால் காலை ஆறரைக்கு எரியிற கழுத்தோடு நிற்பவனுக்கு அந்த நியாயம் எடுபடாது.

அதே சுண்ணாம்புதான் கைபிடியின் புரிக்குள்ளும் இறங்கியது. நான் ஒரு மாதம் வவுனியாவில் நின்றுவிட்டு வந்து பார்த்தால் மூடி கழறவே இல்லை. வினாகிரி கலந்த சுடுதண்ணியில் ஒரு மணித்தியாலம் போட்டிருந்தால் இளகியிருக்கும். தேசிக்காய்ப் புளியும் செய்யும், ஆனால் இரவு முழுக்க ஊற விடக்கூடாது, நிக்கல் பூச்சைத் தின்றுவிடும். எல்லாம் தெரிந்திருந்தும் அவசரத்தில் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒருத்தர் என்னைக் கேட்காமல் கைபிடியைக் குறட்டால் நெரித்துத் திருப்பினார். அந்தக் கைபிடி உள்ளே வெறும் குழாய், தாங்காது. மயிரளவு வெடிப்பு, நீளத்துக்கு ஒரு விரற்கடை. அதைவிட, அப்பப்பாவின் பெருவிரலும் அப்பாவின் பெருவிரலும் பட்டுப் பட்டுப் பூச்சுத் தேய்ந்து பித்தளை தெரிந்த இடம் ஒன்று உண்டு. சரியாக அதன் மேல் குறட்டின் பல் நாலு வரியாகப் பதிந்திருக்கிறது. கூலி வாங்கவில்லை என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

அப்பா இதை ஒருநாளும் இன்னொருத்தர் கையில் கொடுத்ததில்லை. பிளேட் கிடைக்காத காலத்தில் பழைய பிளேட்டைக் கண்ணாடித் தம்ளருக்குள் வைத்து, இரண்டு விரலால் அழுத்தி, உள்வட்டத்தோடு முன்னும் பின்னும் தேய்ப்பார். அந்தக் கிறீச் சத்தம் எங்கள் வீட்டு ஞாயிறு காலை. சேவ் எடுத்து முடிய ஈரக் கன்னத்தில் படிகாரக் கல்லு. அப்புறம் றேசரைக் கழற்றி மூன்று துண்டையும் தனித்தனியாகத் துடைத்து, புரியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவார். சுண்ணாம்பு ஏறாததற்குக் காரணம் அந்த ஒரு சொட்டு என்று இப்போதுதான் விளங்குகிறது.

2009 இல் சண்டைக்குள் இடம்பெயர்ந்து விசுவமட்டில் இருந்து மாத்தளன் போகும்போது வழி நெடுகச் சாமான்களை விட்டுவிட்டு வந்தோம். தையல் மெசினை விட்டோம், சைக்கிளை விட்டோம். செட்டிகுளம் முகாமில் அப்பா மடியை அவிழ்த்தபோது அடையாள அட்டையோடு இந்த மூன்று துண்டும் இருந்தன.

இப்போது வெடிப்பின் மேல் மெல்லிய செப்புக் கம்பி சுற்றி ஈயம் பிடித்திருக்கிறேன். நிற்கிறது. எண்ணெயும் மறப்பதில்லை.

மாரியில் மட்டும் இந்த றேசர் வேறு ஆள். கார்த்திகை மழை நாலு தரம் பெய்து கூரைத் தகரம் கழுவுப்பட்ட பிறகு, பீலிக்குக் கீழே வாளி வைத்துப் பிடிக்கும் தண்ணியில் சுண்ணாம்பு இல்லை. அரைவாசிச் சவுக்காரத்துக்கே நுரை பொங்கிப் பிறஷால் வழியும். கண்ணை மூடிக்கொண்டு வழிக்கலாம்.

மருமகனுக்கு என் பதில் அதேதான், வாங்காதே. உங்கள் வீட்டுக் கிணறும் எங்கள் கிணறு மாதிரித்தான். யாரோ ஒருவரின் றேசருக்குக் காசு கொடுத்துவிட்டு அதோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. கார்த்திகை லீவுக்கு இங்கே வா, வாளி வைத்திருப்பேன். எப்படியும் இது உனக்கு வர வேண்டியதுதான்.