காலை 'டிக் டிக்': டேப்பெட்டா, மேனிஃபோல்டு கசிவா?

சென்னையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் காரின் முதல் ஸ்டார்ட்டில் என்ஜினிலிருந்து கேட்கும் 'டிக் டிக்'குக்குக் குளிரைக் குற்றம் சொல்லாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும். டேப்பெட் என்பது என்ஜின் வால்வுகளைத் திறக்க உதவும் பாகம். அது ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை என்றால், ஆயில் பிரஷர் ஏறியதும் சில நொடிகளில் அடங்கிவிடும்.

சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அது என்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கும் தகடான கேஸ்கெட் கசிந்தாலும் ஏறக்குறைய இதே சத்தம்தான். ஆனால் சில நிமிடம் நீடிக்கும். உலோகம் சூடேறி விரிந்து இடுக்கு அடைபட்ட பிறகே குறையும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பலமாகக் கேட்கும்.

என் பழைய காருக்கு, "டேப்பெட் மொத்தமும் மாத்தணும் சார்" என்றார் ஒரு மெக்கானிக். மனசு கேட்கவில்லை. மறுநாள் என்ஜின் ஆறியிருந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டர் பக்கம் கேஸ்கெட் ஓரத்தில் கரி, விரலில் மை மாதிரி ஒட்டியது. புதுப்பேட்டையில் கேஸ்கெட் வாங்கி மாட்டியதும் சத்தம் போயே போய்விட்டது.

ஆகவே முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) பாருங்கள், அடுத்து கரி. டேப்பெட் கவரைக் கழற்றுவது கடைசியில்தான். சத்தத்தோடு ஆயில் விளக்கும் எரிந்தால் மட்டும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் என்ஜினை அணைத்துவிடுங்கள்.