இன்லைன் ஸ்டைலைக் களையெடுக்க விஎஸ் கோட்: தேடுவதில் கெட்டி, மாற்றுவதில் கண்மண் தெரியாது

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைக்கோ தருமபுரி நகைக்கடைக்கோ பல வருடம் முன்பு கையால் எழுதிக் கொடுத்த வெப்சைட்டைத் திறந்து பாருங்கள். பெங்களூரா கூழ், அல்போன்சா கூழ், பிரிக்ஸ் எனும் சர்க்கரை அளவு, டின் அளவு என்று ஓர் அட்டவணை இருக்கும். அதன் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அதே ஸ்டைல் வரி, அதாவது எச்டிஎம்எல் டேக்குக்குள்ளேயே நேரடியாக எழுதிய 'இன்லைன் ஸ்டைல்': ஆரஞ்சு எழுத்து, 13 பிக்சல், 8 பிக்சல் பேடிங். முதலாளி "ஆரஞ்சு வேணாம், பச்சை போடுங்க" என்றால் முப்பது பக்கத்தையும் தொடவேண்டும். செல்போனுக்குத் தக்கபடி அளவை மாற்றவும் வழியில்லை. திரை அளவுக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் மீடியா குவெரியும், மவுஸ் மேலே வந்தால் மாற்றும் ஹோவரும் டேக்கின் ஸ்டைல் அட்ரிபியூட்டுக்குள் எழுத முடியாதவை. இதற்கு மொத்த சைட்டையும் புதிதாகச் செய்யவேண்டும் என்று கொட்டேஷன் நீட்டுபவர்கள் உண்டு. தேவையே இல்லை. 2015-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இலவச எடிட்டர் விஎஸ் கோட் போதும், அதை எந்த இடத்தில் நம்பக்கூடாது என்று தெரிந்தால்.

நம்பவேண்டிய இடம் தேடல். ஃபோல்டரை ஒருமுறை காப்பி எடுத்து வைத்துவிட்டு கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப் அழுத்தி, ரெஜெக்ஸ் (எழுத்து அமைப்பை வைத்துத் தேடும் முறை) பொத்தானைப் போட்டு, ஸ்டைல் என்ற சொல்லில் தொடங்கி அடுத்த மேற்கோள் மூடும் வரை உள்ளதைப் பிடிக்கும் பேட்டர்னைக் கொடுங்கள். ஒற்றை மேற்கோளில் எழுதியவை தனியாக இருக்கும். அதற்கு இன்னொரு தேடல். முடிவுகளை 'எடிட்டரில் திற' கொடுத்து, அங்கே கன்ட்ரோல்-எஃப் வைத்து அதே பேட்டர்னைப் போட்டு ஆல்ட்-என்டர் அடித்தால் எல்லாம் ஒன்றாகத் தேர்வாகும். காப்பி செய்து புது ஃபைலில் ஒட்டி, கமாண்ட் பேலட் எனும் கட்டளைப் பட்டியலில் உள்ள வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுங்கள். எந்த ஸ்டைல் நூறு இடத்தில், எது ஒரே இடத்தில் என்று பளிச்சென்று தெரியும். ஆறெழுத்து நிறக் குறியீடும் அதன் மூன்றெழுத்துச் சுருக்கமும் ஒரே நிறம்தான், ஆனால் பட்டியலில் தள்ளித் தள்ளி நிற்கும். இடைவெளியும் கடைசி அரைப்புள்ளியும் அதேபோலப் பிரித்துக் காட்டும். இவற்றைக் கண்ணால் சேர்க்கவேண்டும். எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கும் கட்டளையை இந்தப் பட்டியலில் மட்டும் ஓட்டுங்கள். சைட் ஃபைலில் ஓட்டினால் படங்களின் பெயரும் மாறி, பெரிய எழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறாகப் பார்க்கும் லினக்ஸ் சர்வரில் அவை கிடைக்காமல் போகும்.

மூன்று இடத்துக்கு மேல் வரும் ஸ்டைலுக்கு மட்டும் கிளாஸ் போடுங்கள்: சிஎஸ்எஸ் ஃபைலில் (ஸ்டைல்ஷீட்) அந்த ஸ்டைலை ஒரு பெயரில் ஒருமுறை எழுதி, டேக்கில் பெயரை மட்டும் குறிப்பது. பெயர் வேலையைச் சொல்லவேண்டும், நிறத்தை அல்ல. 'ஆரஞ்சு-13' என்று வைத்தால் பச்சைக்கு மாறும் அன்றே பெயர் பொய்யாகிவிடும். 'கூழ்-விலை' என்று தமிழிலேயே வைத்தாலும் பிரவுசர் ஏற்கும், ஃபைல் யுடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் முறை) ஆக இருந்தால். ஆனால் 'தொகை' போன்ற பெயரில் ஒரு பொறி உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. சிஎஸ்எஸ்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்.

இனி மாற்றல். எல்லா ஃபைலிலும் ஒரே தட்டில் மாற்றும் பொத்தான் இருக்கிறது, அழுத்துமுன் ஒவ்வொரு மாற்றத்தையும் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தும் காட்டுகிறது. நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் எனும் இன்னொரு எடிட்டர் கணினிக்கு இலகுதான், ஆனால் இந்த முன்பார்வை அதில் இல்லை. இருந்தும் விஎஸ் கோட் பார்ப்பது வெறும் எழுத்தை. டேக் எது, அதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஏற்கெனவே கிளாஸ் உள்ள டேக்கில் ஸ்டைலை எடுத்து இன்னொரு கிளாஸ் போட்டால், பிரவுசர் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். எடிட்டரும் சிவப்புக் கோடு போடாது. டபிள்யூ3சி அமைப்பின் எச்டிஎம்எல் சோதனைக் கருவியான வேலிடேட்டரில் கொடுத்தால்தான் பிழை என்று சொல்லும். எனவே கிளாஸும் ஸ்டைலும் சேர்ந்து உள்ள டேக்குகளை முதலில் தேடி, கையால் முடித்துவிட்டு, பிறகு மொத்த மாற்றத்துக்குப் போங்கள்.

அடுத்த சிக்கல் முன்னுரிமை. இன்லைன் ஸ்டைல், இம்பார்ட்டன்ட் (மற்றதை மீறச் சொல்லும் குறிப்பு) போட்ட விதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெல்லும். கிளாஸுக்கு அந்தப் பலம் இல்லை. பழைய ஸ்டைல்ஷீட்டில் ஐடி (ஒரே ஒரு டேக்குக்கு வைக்கும் தனிப் பெயர், கிளாஸைவிடப் பலம் கூட) வைத்து எழுதிய விதி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால், இன்லைன் போனதும் அது விழித்து அட்டவணை நிறத்தை மாற்றிவிடும். இங்கே விஎஸ் கோட் உண்மையிலேயே உதவுகிறது: சிஎஸ்எஸ் ஃபைலில் செலக்டர் (விதி எதற்கு என்று சொல்லும் பகுதி) மேல் மவுஸை வைத்தால் 0,1,0 என்றோ 1,0,1 என்றோ எடையைக் காட்டும் (எண்கள் முறையே ஐடி, கிளாஸ், டேக் எண்ணிக்கை). ஐடி விதியை கிளாஸாக இறக்குங்கள். எல்லா வரியிலும் இம்பார்ட்டன்ட் ஒட்டினால் அடுத்த ஆள் உங்களைத் திட்டுவார்.

பின்னணிப் படமும் காணாமல் போகும். இன்லைனில் எழுதிய படப் பாதை பக்கத்தின் இடத்திலிருந்து கணக்காகும். தனி சிஎஸ்எஸ் ஃபைலுக்குப் போனால் அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து. முன்னால் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். மெனு திறந்து மூடும் பழைய ஜாவாஸ்கிரிப்டையும் தேடுங்கள். அது இன்லைன் டிஸ்ப்ளே மதிப்பை (காட்டவா, மறைக்கவா என்பது) படித்து முடிவெடுக்கும். மறைக்கும் வேலை கிளாஸுக்குப் போனபின் அதற்குக் கிடைப்பது வெற்று மதிப்பு. முதல் தட்டில் மெனு திறக்காது என்ற புகார் வந்தால் காரணம் அங்கேதான். கிளாஸைப் போட்டு எடுக்கும் கிளாஸ்லிஸ்ட் டாகிளுக்கு மாற்றினால் தீர்ந்தது.

நம் ஊர் சைட்டுகளுக்கே உரிய கண்ணிவெடி பாமினி எழுத்துரு. யூனிகோட் பரவுவதற்கு முன் தட்டிய தமிழ், கோடில் ஆங்கில எழுத்தாகத்தான் இருக்கும். இன்லைனில் உள்ள எழுத்துருப் பெயர்தான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. பட்டியலில் பாமினி தென்பட்டால் அந்தப் பத்தியை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், ஸ்டைலை அதன்பின் எடுங்கள். வரிசை மாறினால் ஆலையின் முகவரி ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். லதா எழுத்துரு வேறு வகை, அது யூனிகோட், தயங்காமல் எடுக்கலாம்.

4 ஜிபி ரேம் லேப்டாப்பில் குரோமும் கூடவே திறந்திருந்தால் விஎஸ் கோட் இழுக்கும். தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தி வையுங்கள். வேர்ட்பிரஸ் சைட்டுக்கு இந்த வழி பெரிதாகப் பயன்படாது, பக்கத்தின் உள்ளடக்கம் டேட்டாபேஸில் இருப்பதால். ஆர்டர் உறுதி மெயிலின் டெம்ப்ளேட் அதே ஃபோல்டரில் இருந்தால் தேடலிலிருந்து அதை விலக்கிவிடுங்கள். மெயில் மென்பொருள்கள் ஸ்டைல்ஷீட்டை ஒரே மாதிரி மதிப்பதில்லை, அங்கே இன்லைன்தான் சரி. சர்வரில் ஏற்றும்போது சிஎஸ்எஸ் இணைப்பின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஒரு பதிப்பு எண் சேருங்கள். இல்லாவிட்டால் முதலாளியின் செல்போன் கேஷில் (சேமித்து வைத்த நகலில்) உள்ள பழைய ஸ்டைல்ஷீட்டையே காட்டும், "ஒண்ணுமே மாறலையே" என்று போன் வரும்.